வெள்ளிக் கண்ணும் சுண்டெலியும்
(திருத்தணியில் செய்த சொற்பொழிவு)



கண் கோளாறென்றால் வெள்ளியில் கண்மலர் செய்து, இந்த மலையின் 365 படிகளையும் ஏறுகிறோம். குழந்தை கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை இல்லாமல் பிறந்துவிட்டாலோ, கிரகணத்தில் வெளியே வந்தாளென்று தாயைத் திட்டுகிறோம். திட்டுகிறவர்களுக்குச் சுண்டெலியைக் காட்டவேண்டும்.

சிரிக்காதீர்கள். எலி பிள்ளையாரைச் சுமக்கிறதென்று நம்புகிறவர்களுக்குச் சிரிக்க யோக்கியதை ஏது?

ஜீன் என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடலமைப்புக் குறிப்பு. சோதனைச் சாலையில் கண் சிறுத்த எலி ஜாதியொன்று உண்டு. அதில் கெட்டிருப்பது பாக்ஸ்-6 என்னும் ஜீன் என்று 1991-இல் கண்டார்கள். நிறத்திரையில்லாத மனிதரிடம் கெட்டிருப்பதும் அதுவே. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் "இதன் வேலை கண்ணை அமைப்பது" என்று அதன் பெயருக்கெதிரே எழுதினார்கள். அந்த ஜீன் செய்யும் புரதத்தில் 422 அமினோ அமிலங்கள். எலிக்கும் மனிதனுக்கும் ஒன்றில்கூட வித்தியாசமில்லை. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதரையே பிரித்தவர்கள் இதற்கென்ன சொல்லுவார்கள்? 1995-இல் சுவிட்சர்லாந்தில் எலியின் ஜீனைப் பழ ஈயின் காலில் வேலை செய்யவிட்டார்கள். அங்கே கண் முளைத்தது, எலிக்கண்ணல்ல, ஈக்கண்!

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் தென்னிந்திய நோயாளிகளிடமே இந்த ஜீனின் பிழைகளை எடுத்துக் காட்டினார்கள். பிழை தகப்பனிடமிருந்தும் வரும், தாயிடமிருந்தும் வரும், இருவரிடமுமில்லாமல் புதிதாகவும் நேரும். கிரகணத்திற்கு இதில் வேலையே இல்லை.

புதிதாக நேர்ந்ததாயின் தாமதிக்காதீர்கள். பக்கத்து ஜீனும் போயிருந்தால் குழந்தையின் சிறுநீரகத்தில் கட்டி வரலாம். வெள்ளிக்கு வைத்த பணத்தைப் பஸ் சார்ஜுக்கு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், கண்ணோடு சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.