வந்து மறையும் மின்பழுது



மாரிக்காலத்து இரவொன்றை எண்ணிப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, நோயுற்ற தாயைப் பின்னிருத்தி, மகன் மோட்டார் சைக்கிளில் மருத்துவமனை நோக்கிப் புறப்படுகிறான். இருபுறமும் காடு, வழியில் யானை நிற்கவுங் கூடும். பள்ளமொன்றிற் சில்லு இறங்கியதும் முன்விளக்கு அணைகிறது. அடுத்த குலுக்கலில் மீண்டும் எரிகிறது. மறுநாட் காலை கராச்சில் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காகவே இயங்குகின்றன. "பிழை ஒன்றுமில்லையே, தம்பி" என்கிறார் திருத்துபவர். எனினும் மனம் ஆறுவதற்காகப் புதிய பற்றரி ஒன்று வாங்கப்படுகின்றது. பணம் போகின்றது, பழுது போவதில்லை.

இத்தகைய பழுதின் இயல்பு யாது? முற்றாகக் கெட்ட உறுப்பு எந்நேரமுங் கெட்டதாகவே இருக்கும். வந்து வந்து மறைவது பெரும்பாலும் இணைப்பின் குற்றமாகும்: தளர்ந்த ஆணி, பச்சை பூத்த முனை, உறைக்குள்ளே அறுந்த செப்பிழை. கரையோரத்து உப்புக்காற்று, கோடைப் புழுதி, வடகீழ்ப் பருவமழை, கிறவல் வீதியின் ஓயாத அதிர்வு ஆகிய நான்கும் வன்னியில் இக்குற்றத்தை வளர்க்கின்றன.

"வோல்ற்றுமானி 12 காட்டுகின்றதே" என்பீர்கள். இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்று குப்பையால் அடைபட்டிருப்பதாகக் கொள்வோம். வயல்மடை பூட்டியிருக்கும்வரை அடைப்புக்கு அப்பாலும் நீர் மெல்லக் கசிந்து, மட்டம் ஒத்து நிற்கும். மடையைத் திறந்ததும் அங்கே நீர் தாழ்ந்துவிடும். மின்னும் அவ்வாறே. ஓரிழை மாத்திரம் எஞ்சிய கம்பியும் ஓட்டமில்லாதபோது முழு வோல்ற்றையுங் காட்டும். விளக்கைப் போட்டதும் வீழ்ந்துவிடும். ஆதலின், மின்னை ஓடவிட்டே சோதித்தல் வேண்டும்.

முதலாவது, பழுது எப்பொழுது தோன்றுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். குலுக்கத்திலாயின் பற்றரி முனைகளையும் பியூஸ் பெட்டியையும் பாருங்கள். கைபிடியைத் திருப்பும்போதாயின் அதன் கழுத்தோரம் வளைந்து செல்லும் கம்பிகளைப் பாருங்கள். மழையிலாயின் சுவிச்சுகளையும் பிளக்கின் மூடியையும் பாருங்கள். சூடேறியபின் எஞ்சின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுமாயின், அப்போது மாத்திரம் மின்பொறி தரும் கொயிலை ஐயுறலாம்.

இரண்டாவது, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக அசையுங்கள். விளக்குச் சிமிட்டும் இடமே நோயின் இடம்.

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி, மானியின் ஒரு நுனியைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதைச் சட்டத்தின் வெற்று இரும்பிலும் வைத்து ஹோர்ணை ஒலியுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேற் காட்டுமாயின் ஏர்த் இணைப்பிலே துருவுண்டு. எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, மினுக்குத்தாளால் அவ்விணைப்பைத் தேய்த்து, இறுக்கி, சிறிது கிறீஸ் பூசுங்கள். பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுதல் ஆகாது; பியூஸ் எரியாவிடின் கம்பியே எரியும்.

1990களில், போர்க்காலத் தடைகளால் மின்கலம் கிடையாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் வடபுலத்து மக்கள். அவர்களுக்கு இவ்வேலை அரியதன்று. புதிய உறுப்பை வாங்குமுன் பழைய இணைப்பைத் தேடுங்கள். அதுவும் மாரி தொடங்குமுன் தேடுங்கள். காட்டுவழியில் விளக்கு அணைந்தபின் தேடுவதற்கு வெளிச்சம் இராது.