பாவைகள் தாமே வந்து கேட்கும் கூத்து
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பெரியோர் நிறைந்த இச்சபையிலே கணனியைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

ஒரு கணனியைப் பேணுதல் எளிது. நாற்பது கணனிகளை ஒரே நிலையிற் பேணுதலோ அரிது. இன்று ஒன்றிலே ஒருவர் ஒரு கோப்பைத் திருத்துவார். நாளை வேறொன்றிலே மற்றொருவர் ஒரு மென்பொருளை நிறுவுவார். சில மாதங்களிலே நாற்பதும் நாற்பது விதமாகிவிடும். இக்குறையை நீக்குதற்கு, நோர்வேயின் ஒஸ்லோ நகரில் 1993 இல் மார்க் பேர்ஜஸ் என்னும் அறிஞர் சீஎப்எஞ்சின் என்ற கருவியை ஆக்கினார். அதனைக் கையாண்டு பழகிய அமெரிக்கரான லூக் கேனீஸ் என்பவர் 2005 இல் ஆக்கியதே பப்பெற்.

பப்பெற் என்றால் பாவை. பெயரைக் கேட்டதும், மறைவில் ஒருவன் கயிற்றை இழுக்க முன்னே பாவைகள் ஆடும் கூத்தே எவர்க்கும் நினைவில் எழும். உள்ளே நோக்கின் நிலைமை வேறு. இங்கே பாவைகள் தாமே வந்து, "எமக்குரியது யாது?" என்று கேட்கின்றன.

ஒவ்வொரு கணனியிலும் ஏஜன்ற் என்னும் பணியாளன் ஒருவன் உறைகின்றான். நடுவே சேர்வர் எனப்படும் தலைமைக் கணனி உள்ளது. வழக்கமாக அரைமணிக்கு ஒருமுறை ஏஜன்ற் விழித்தெழுந்து, பக்டர் என்னும் துணைவனைக் கொண்டு தன் கணனியின் இயல்புகளைத் திரட்டுகின்றான். பெயர் யாது, இயங்குதளம் எது, நினைவகம் எவ்வளவு என்னும் இவ்விபரங்களைச் சேர்வருக்கு அனுப்புகின்றான்.

சேர்வர் இரண்டு ஏடுகளைப் புரட்டுகின்றது. ஒன்று மனிபெஸ்ற், மற்றது ஹையரா. "கணனி யாவும் நேரத்தைச் சரிபார்த்தல் வேண்டும்" என்னும் விதி மனிபெஸ்றில் இருக்கும். "இக்கட்டடத்துக் கணனிகள் நாடவேண்டிய நேரச் சேவையின் பெயர் இது" என்னும் விபரம் ஹையராவில் இருக்கும். விதியையும் விபரத்தையும் ஏஜன்ற் கொணர்ந்த செய்தியோடு பொருத்தி, அக்கணனிக்கு மட்டும் உரிய பட்டியல் ஒன்றைச் சேர்வர் ஆக்கிக் கொடுக்கின்றது. இதற்குக் கற்றலொக் என்று பெயர்.

ஏஜன்ற் அப்பட்டியலையும் கணனியின் உண்மை நிலையையும் ஒப்புநோக்குகின்றான். ஒத்திருப்பதைத் தொடுவதில்லை, வேறுபட்டதை மட்டுமே திருத்துகின்றான். முதலில் மென்பொருள், அடுத்துக் கோப்பு, பின்னர் சேவை என்று எழுதிவைத்த முறை பிறழாது செய்கின்றான். முடிவிலே, செய்தன யாவை, செய்ய முடியாதன யாவை என்று அறிக்கை அனுப்புகின்றான். பப்பெற்டீபீ என்னும் தரவுத்தளம் இவற்றைச் சேமித்து வைக்கின்றது.

வந்து கேட்பவன் மெய்யான ஏஜன்ற்தானா என்பதை அறிவது எவ்வாறு? முதன்முறை வரும்போதே அவன் சான்றிதழ் வேண்டி விண்ணப்பிக்கின்றான். அது ஒப்பமிடப்பட்ட பின்னரே பட்டியல் கிடைக்கும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஆதலின் கடிகாரம் பெரிதும் பிழைத்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடும். நேரத்தைச் சரிசெய்பவனே நேரத்தை நம்பி வாழ்கின்றான் என்பது வியப்பன்றோ!

இவற்றையெல்லாம் நாம் நூலிற் கற்றதைவிடப் பிழையிற் கற்றதே அதிகம். நாம் பயிற்சி பெற்ற ஓர் ஆய்வுகூடத்தில், ஒரு கணனியிலே நேரச் சேவையின் பழைய பெயர் இருப்பதைக் கண்டோம். உடனே கையினாலே திருத்தினோம். அரைமணி கழிந்து பார்த்தால் பழைய பெயரே மீண்டிருந்தது! மீண்டும் திருத்தினோம், மீண்டும் அழிந்தது. பொறியைக் கடிந்துகொண்டோம். பொறுப்பாளர் சிரித்து, ஏஜன்றின் அறிக்கையைக் காட்டினார். எமது திருத்தமும் அவன் அழித்ததும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "திருத்த வேண்டிய இடம் கணனியன்று, ஏடு" என்றார் அவர்.

ஏட்டைத் திருத்தினோம். ஆனால் அவசரத்தில் ஓரெழுத்தைப் பிழைபட எழுதிவிட்டோம். அரைமணிக்குள் நாற்பது கணனிகளும் அப்பிழையை ஏற்றுக்கொண்டன. சேர்வர் குறை கூறவில்லை, ஏஜன்றுகளும் தயங்கவில்லை, அறிக்கைகள் யாவும் பணி செவ்வனே முடிந்ததாகவே வந்தன. ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைச் சரியாகச் செய்தது. பிழை செய்தவர் நாம் மட்டுமே.

அன்று இரண்டு உண்மைகளை உணர்ந்தோம். எழுதப்படாத நன்மை நிலையாது. எழுதப்பட்ட தீமை எங்கும் பரவும். ஆதலினாலேதான், எதையும் மாற்றாமல், எவை மாறும் என்பதை மட்டும் முன்கூட்டிக் காட்டும் 'நூப்' என்னும் ஒத்திகை முறையைப் பப்பெற் வைத்திருக்கின்றது. ஒத்திகையும், ஒரு கணனியிற் சோதனையும், மற்றொருவரின் கண்ணும் கடந்த பின்பே ஏடு நாற்பதுக்கும் செல்லுதல் வேண்டும்.

நண்பர்களே, சங்கப் பணியிலும் இவ்வாறன்றோ நிகழ்கின்றது? வாய்மொழியாகச் செய்த ஏற்பாடு அடுத்த செயற்குழுவோடு மறைகின்றது; கூட்டக் குறிப்பேட்டில் எழுதியதே நிலைக்கின்றது. அதனை எழுதுமுன் பெரியோர் ஒருவர் படித்துப் பார்ப்பது எமக்கு இழுக்கன்று, காவல் என்று கூறி அமைகின்றோம்.