பத்திரிகையை அல்ல, தலையை ஆட்டுங்கள்

பக்கத்தில் பத்திரிகை கிடந்தால் எடுங்கள். தலையை அசைக்காமல், பத்திரிகையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டி ஒரு வரி வாசியுங்கள். எழுத்தெல்லாம் கலங்கும். இனிப் பத்திரிகையை நிறுத்தி, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். கழுத்து நோவு உள்ளவர்களுக்கு வேண்டாம். வரி தெளிவாகத் தெரிகிறது, இல்லையா?

இரண்டும் ஒரே ஆட்டம்தான். தலை ஆடும்போது மட்டும் காது கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு காதுக்குள்ளும் நீர் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள் மூன்று. தலை திரும்பினால் நீர் பின்தங்கும், நுண்மயிர்கள் வளையும், நரம்பு துடிக்கும். ஏறக்குறைய ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்குக்குள் கண் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும்.

ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலை ஏறும் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது! இரு காதிலும் இந்த உறுப்பு அடியோடு செத்தவருக்குப் பஸ்ஸில் குமட்டாது. ஆனால் அவர் நடந்தால் கடைப் பெயர்ப்பலகை துள்ளும். இருட்டில் முற்றத்துக்கு இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். ஜென்டமைசின் ஊசி சிலருக்கு இந்தக் கேட்டைச் செய்துவிடுகிறது.

அமெரிக்காவில் கொங், மெர்ஃபெல்ட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் கினிப்பன்றிக்கு இந்த உறுப்பின் வேலையைச் செய்யும் ஒரு கருவி பொருத்தினார்கள். தலை திரும்பும் வேகத்தை உணரி அளக்கும். கம்பி நரம்பருகே மின்துடிப்பு கொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், தலை சும்மா இருக்கும்போதும் அந்த நரம்பு துடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கருவியும் ஓயாமல் துடிக்க வேண்டும். ஒருபக்கம் திரும்பினால் கூட்டி, மறுபக்கம் திரும்பினால் குறைக்க வேண்டும். கருவியை முடுக்கியதும் அசையாத விலங்கின் கண்கள், சுற்றிவிட்ட பிள்ளையின் கண்கள்போல் வெட்டி வெட்டி ஓடின. ஒரு நாள் போனது. அடங்கிவிட்டன. ஆற்றோரம் குடியிருப்பவருக்கு ஆற்றிரைச்சல் கேட்காமல் போவதுபோல, மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. தலை திரும்பினால் மட்டும் கண் நகர்ந்தது. இந்த ஆய்வில் என்னை அசத்துவது கருவியல்ல, இந்த ஒரு நாள்தான்.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெல்லா சாந்தினா குழு, 2007இல் சின்சில்லா என்ற கொறித்துண்ணியில் மூன்று குழாய்களுக்கும் சேர்த்துச் செய்து காட்டியது. மின்சாரம் பக்கத்து நரம்புக்கும் கசிந்ததால் கண் கோணலாகப் போனது. கருவியோடு ஒரு வாரம் இருந்ததில் அந்தக் கோணலும் குறைந்தது. பிறகு ரீசஸ் குரங்குகள். தம்புள்ளைக் கோயில் படிகளில் கிளைவிட்டுக் கிளை தாவும்போதும் நம் பழப்பையிலிருந்து கண்ணை எடுக்காதே ஒரு ரிலவாக் குரங்கு, அதன் உறவுக்காரர்கள். அவற்றின் காதைக் கெடுத்துத்தான் கருவியைச் சோதித்தார்கள் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

அதே குழு 8 மனிதர்களுக்குப் பொருத்திய முடிவு 2021இல் வெளிவந்தது. நடை தேறியது, நிற்கும் உறுதி கூடியது. ஆனால் பொருத்திய காதில் கேட்கும் திறன் குறைந்தது, சிலருக்கு வெகுவாகவே. ஒரு காதில் மட்டுமே பொருத்தியிருந்தார்கள்.