பெரட்டுக் களமும் கணினி நிரலும்



மொழிக் கழகத்து மேடையில் கணினிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்மொழி வழிக் கல்விக்குள் நுழைகிறது. 2017 முதல் அப்படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக வந்துள்ளது. அப்பாடம் எடுக்கும் பிள்ளைக்குப் புதிய கருத்தும் புதிய பயிற்றுமொழியும் ஒரே நேரத்தில் தலைச்சுமையாகின்றன. கருத்து முன்னரே தமிழில் விளங்கியிருப்பின், பிள்ளை மாற்றிக்கொள்ள வேண்டியவை சில சொற்களே. ஆகவே நிரலாக்கத்தின் முதற்பாடத்தைத் தமிழிலேயே, நம் வாழ்க்கையிலிருந்தே தொடங்கலாம் என்பது நம் கருத்து.

நிரல் என்பது, ஒரு வேலையை எந்த வரிசையில், எந்தெந்தப் படிகளாகச் செய்ய வேண்டும் என்று ஐயத்திற்கு இடமின்றி எழுதிய கட்டளைத் தொகுதி. இது நம் மூத்தோர்க்குப் பழக்கமானது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பர். கிராணியார் பெயர்ப் புத்தகத்தைத் திறந்து முதற்பெயரைக் கூப்பிடுவார். ஆள் வந்திருந்தால் குறியிடுவார். வராவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுவார். பின் அடுத்த பெயர். அதன்பின் அதற்கு அடுத்தது. பெயர்கள் தீரும்வரை இதே வேலை. அந்தப் பெயர்ப் புத்தகம் ‘பட்டியல்’. வந்திருந்தால், வராவிட்டால் என்பது ‘நிபந்தனை’. பெயர் தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது ‘மடக்கு’. உலகில் ஓடும் மிகப் பெரிய நிரல்களும் இவற்றைக் கொண்டே கட்டப்படுகின்றன.

பால் நிறுவைக்கு வருவோம். ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் நூற்றுக்கு 30 பங்கு உலர் ரப்பர் என்று சோதனை காட்டுகிறது. கணக்கு 6 கிலோ. அடுத்தவருக்கு எண்கள் வேறு, வழி ஒன்றே. அவ்வழியை ஒருமுறை எழுதி, அதற்கொரு பெயரிட்டு, வேண்டும்போது எண்களைக் கொடுத்து விடையைப் பெற்றுக்கொண்டால் அது ‘செயற்கூறு’. அன்றைய கூட்டுத்தொகையை எழுதும் கட்டம் ‘மாறி’. கணிதப் பாடத்தில் தேர்ந்த பிள்ளையே இங்கேதான் முதலில் தடுமாறும். ‘மொத்தம் = மொத்தம் + 6’ என்ற வரியைக் கண்டால், இஃது எங்ஙனம் சமமாகும் என்று கேட்கும். கேள்வி நியாயமானது. நிரலில் அக்குறி சமத்தைச் சொல்லவில்லை. ‘பழைய மொத்தத்தோடு ஆறைக் கூட்டி, அதே கட்டத்தில் மாற்றி எழுது’ என்கிறது. கிராணியார் பென்சிலால் அழித்து எழுதியதை நினைவூட்டினால் ஐயம் தீரும்.

இனி மொழி. தொடக்க மாணவர்க்கு உகந்தது பைத்தான் என்பர், நாமும் உடன்படுகிறோம். நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி அது. எழுதிய வரியை உடனே இயக்கிப் பார்க்கலாம். பிழை எங்கே என்பதும் உடனே தெரியும். நிபந்தனைக்கும் மடக்குக்கும் உட்பட்ட வரிகளைச் சற்று உள்தள்ளி எழுத வேண்டும். இவ்விடத்தில் கவனக்குறைவு தொடக்கப் பிழைகள் பலவற்றுக்குக் காரணம். 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ‘மொத்தம்’ என்று எழுதினால் கணினி மறுக்காது.

கட்டளைச் சொற்களும் தமிழில் அமைந்த மொழி ஒன்றும் உண்டு. முத்தையா அண்ணாமலை பைத்தானை அடித்தளமாகக் கொண்டு ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கினார். அதனைப் பற்றிய ஆய்வுரை 2009இல் வெளியாயிற்று. அதில் நிபந்தனை முன்னே நிற்க, ‘ஆனால்’ என்னும் சொல் பின்னே வரும். தமிழ்த் தொடரின் இயல்பு அதுவே. ஆங்கில ‘இஃப்’ முன்னே நிற்பதைக் கண்டு குழம்பும் சிறுவர்க்கு இது பெரும் உதவி. எனினும் நம் பிள்ளைகள் நாளை எழுதப்போகும் தேர்வையும் எண்ண வேண்டும். எழிலில் ஓரிரு வாரம் பழகி, பின் பைத்தானில் தமிழ்ப் பெயர்களோடு தொடர்வது நலம் என்று கருதுகிறோம்.

தமிழ் படித்தவர்க்கே உரிய வேலை இனித்தான் வருகிறது. பைத்தானில் ஒரு சொல்லின் நீளத்தைக் கூற ‘லென்’ என்னும் செயற்கூறு உண்டு. நம் ஊர்ப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ‘செர்காம்’ என்பதில் செ, ர், கா, ம் என நான்கு எழுத்து. கணினி எட்டு என்கிறது! ‘தமிழ்’ மூன்றெழுத்து, அதற்கு ஐந்து.

காரணம் இது. ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் ஒதுக்கிய இடங்கள் 128, நிரப்பப்பட்டவை 72. நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடமில்லை. உயிரெழுத்து, அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி முதலியவையே தனிக்குறிகளாக உள்ளன. ‘க்’ என்னும் மெய்யோடு ‘அ’ சேர்ந்து ‘க’ பிறக்கும் என்பது நம் இலக்கணம். கணினிக்கோ ‘க’ முதல். புள்ளி வைத்தால்தான் ‘க்’. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த முறை தமிழுக்கும் வந்ததன் விளைவு அது. அம்முறையை இன்று மாற்ற இயலாது. அதனை அறிந்து நிரல் எழுத இயலும்.

எழுதுவோம். ‘எண்ணிக்கை’ என்னும் மாறியில் சுழியம் இடுக. சொல்லின் குறிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க. எடுத்த குறி உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ இல்லாவிடில் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுக. முடிந்ததும் எண்ணிக்கையைத் தருக. ‘செர்காம்’ என்பதை ஓட்டிப் பார்ப்போம். ச வந்தது, ஒன்று. எகரக் குறி, விடுக. ர, இரண்டு. புள்ளி, விடுக. க, மூன்று. ஆகாரக் குறி, விடுக. ம, நான்கு. புள்ளி, விடுக. விடை நான்கு. ஆய்தமும் பிழையின்றி ஒன்றாகவே எண்ணப்படும். மாறி, மடக்கு, நிபந்தனை, செயற்கூறு அனைத்தும் இந்த ஐந்தாறு வரிகளுக்குள் அடங்கிவிட்டன. இவ்வேலைக்கு ‘ஓப்பன் தமிழ்’ என்னும் ஆயத்த நிரல் தொகுப்பும் உண்டு. ஆயினும் முதல்முறை கையால் எழுதுவதே பயிற்சி.

சில இடங்களில் இந்நிரல் இடறும். ‘ஸ்ரீ’ என்பதை நாம் ஓர் எழுத்தாகவே எழுதுகிறோம். நிரலோ இரண்டு என்று சொல்லும். அதனை ஒன்றாக எண்ண இன்னொரு நிபந்தனை வேண்டும். அந்த வரி மடக்கின் உள்ளே வர வேண்டுமா, வெளியே வர வேண்டுமா என்பதை மாணவர்கள் தாளில் எழுதி வருக. அடுத்த கூட்டத்தில் கணினியில் ஓட்டிப் பார்ப்போம்.