கோதுமை விலக்கும் உடல் எடையும்

(தசலட்சணப் பர்வத்தையொட்டி அறக்கட்டளை அரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் தகுந்த அவை எனக்கு வாய்க்காது. இதை உண்ணலாம், இதை உண்ணலாகாது, இந்தப் பொழுதில் உண்ணலாம், இந்தப் பொழுதில் ஆகாது என்று நாள்தோறும் எண்ணி உண்பவர்கள் நீங்கள். விலக்கு என்னும் சொல் உங்கள் சமையற்கட்டுக்குப் புதிதன்று. எனினும் நோன்பின் பொருட்டு விலக்கியவை ஒருபுறமிருக்க, நோயின் பொருட்டு மேலும் சிலவற்றை விலக்க நேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எதை உண்பது, உடல் எடையை எவ்வாறு பேணுவது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதத் தொகுதிக்குக் குளூட்டன் என்று பெயர். கோதுமை மாவைப் பிசையும்போது இழுபட்டு வருகிறதே, அந்தப் பசைத்தன்மை அதனுடையது. பெரும்பாலோர்க்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. சிலருடைய உடலிலோ, குளூட்டன் குடலுக்குள் வந்தவுடன் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே பகையென்று கருதித் தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட உணவு உடலில் சேராமல் கழிகிறது. இதுவே சீலியாக் நோய். வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல் ஆகியவற்றோடு வருவதும் உண்டு. வயிற்றில் ஒரு தொல்லையும் காட்டாமல், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் தீராத இரத்தசோகையாக மட்டும் வருவதும் உண்டு.

இந்நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று தெளிந்தது மிக அண்மைக் காலத்தில்தான். நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பவர் முன்பே அவ்வாறு ஐயுற்றிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போரின் இறுதியில், அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமற் போயிற்று. ஊரே பசியால் வாடியபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி மீண்டும் வந்தது. நோயும் மீண்டும் வந்தது. அவர் 1950இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். இன்றளவும் இந்நோய்க்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதைத் தவிர வேறு மருத்துவம் இல்லை.

நம் நாட்டைப் பொறுத்தவரை ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் வடபுலத்தில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்புலத்தில் நூற்றுக்கு 0.10 பேரிடமும் காணப்பட்டன. கோதுமை மிகுதியாக உண்ணும் இடமும் அரிசி உண்ணும் இடமும் இவ்வாறு வேறுபடுகின்றன. இந்த அரங்கில் வந்தவாசி, ஆரணிப் பகுதியைச் சேர்ந்த அரிசிக் குடும்பங்களும் இருக்கின்றன. இராஜஸ்தானத்திலிருந்து வந்து சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக வாழும் புல்காக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே இந்நோய் நமக்கு அயலானதன்று.

இனி எடைக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஓர் அம்மையார் முப்பத்து நான்கு அகவையினர். உயரம் 152 செ.மீ. நோய் கண்டறியப்பட்டபோது எடை 46 கிலோ. கோதுமையை முற்றிலும் விலக்கிய ஈராண்டில் 58 கிலோ ஆயிற்று. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 20க்குச் சற்றுக் கீழிருந்து 25ஐக் கடந்துவிட்டது. இந்தியர்க்கு 23க்கு மேல் மிகை எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று கொள்வது வழக்கம். அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "கோதுமை உண்ட காலத்தில் மெலிந்திருந்தேனே, டாக்டர்! நாளைக்கு ஒரே ஒரு புல்கா உண்டால் எடை குறையாதா?"

இக்கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். கேட்காமலே செய்து பார்த்தவர்களும் உண்டு. அன்றைய மெலிவு நலத்தின் மெலிவன்று. உண்டதில் ஒரு பகுதி வீணாகிக் கொண்டிருந்ததன் அடையாளம். குடல் ஆறியபின் உணவு முழுமையாக உடலிற் சேர்கிறது. உண்ணும் அளவோ பழைய அளவாகவே இருக்கிறது. எடை ஏறாமல் என்ன செய்யும்? புல்காவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்கொண்டாலே குடல் புண்படுவதை இத்தாலிய ஆய்வொன்று 2007இல் காட்டியது. ஒரு புல்காவில் ஏறத்தாழ இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். அதாவது ஒரு புல்காவை ஐம்பது துண்டாக்கினால், அதில் ஒரு துண்டே தீங்குக்குப் போதும். அவ்வாறு மெலிபவர்க்கு இரத்தசோகை மீளும், எலும்பு வலுவிழக்கும், மகப்பேற்றுக்கும் இடையூறு நேரலாம்.

அப்படியாயின் அந்த எடையை எங்ஙனம் குறைப்பது? அம்மையாரிடம் ஒரு வாரம் உண்டவற்றை எழுதிவரச் சொன்னேன். நான்கு புல்கா இருந்த இடத்தில் வெண்சோறு வந்திருந்தது. முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் நார்ச்சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. புரதமும் குறைவே. ஆகவே விரைவில் பசித்தது. அப்பசிக்கு அவர் கடையிலிருந்து 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட்ட பிஸ்கட், கேக் வகைகளை வாங்கி உண்டார். அச்சொற்களைக் கண்டால் பலரும் அது உடம்புக்கு நல்லது என்று பொருள் கொள்கிறார்கள். ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. குளூட்டன் தரும் பிடிப்பை ஈடுசெய்ய இப்பண்டங்களில் மாச்சத்தையும் கொழுப்பையும் மிகுதியாகச் சேர்ப்பது வழக்கம்.

நம்மவர்க்கு அங்கே மற்றொரு கண்ணியும் இருக்கிறது. அந்த மாச்சத்து பெரும்பாலும் உருளைக்கிழங்கிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். அயல்நாட்டு ரொட்டி வகைகளில் முட்டையும் சேரும். ஆகவே சமண இல்லத்துச் சீலியாக் நோயாளர் ஒரு பொட்டலத்தை இருமுறை படித்தாக வேண்டும்: நோய்க்காக ஒருமுறை, நோன்புக்காக ஒருமுறை. அத்தனை படித்தபின் அதைத் திரும்ப வைத்துவிட்டு வருவதே நலம் என்பது என் கருத்து.

அம்மையாருக்கு நான் சொன்னது புதுமையான எதுவுமன்று. சோற்றை அளந்து வையுங்கள். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. அதே அளவு காயும் அரைப்பங்கு பருப்பும் தட்டில் இருக்கட்டும். புடலை, பீர்க்கு, சுரை, அவரை, கொத்தவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு என்று கிழங்கின்றியே நமக்குக் காய்கள் ஏராளம். மழைக்காலத்தில் கீரையை விலக்கும் இல்லங்களில் இவையே கைகொடுக்கும். அரிசியும் பருப்பும் அன்றே ஊறவைத்து அரைத்து வார்க்கும் அடை நல்ல உணவு. வடநாட்டுக் குடும்பத்தினர் தம் பாட்டிமார் தட்டிய கம்பு ரொட்டியையும் சோள ரொட்டியையும் நினைவுகூரலாம். எண்ணெயும் நெய்யும் கரண்டியால் அளக்கப்படட்டும். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. உணவைச் சுருக்கியதோடு அவர் நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடந்தார். எட்டு மாதத்தில் 54 கிலோவுக்கு வந்தார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் 23ஐத் தொட்டுவிடுவார், அவசரமில்லை.

சிறுதானியங்களைப் பற்றி ஒரு சொல். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, கேழ்வரகு ஆகிய எவற்றிலும் குளூட்டன் இல்லை. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆனால் கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தினைப் பொங்கலில் நெய் மிதந்தால் தினை என்ன செய்யும்? மேலும், மாவு மில்லில் முன்னவர் கோதுமை அரைத்த எந்திரத்தில் உங்கள் கேழ்வரகை அரைத்தால் அதில் கோதுமை கலந்தே வரும். வீட்டிலேயே அரைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்களுள் நம் சமையலுக்கு மிக நெருக்கமானது பெருங்காயம். வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையலில் மணத்துக்கு அதுவே துணை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது பெருவழக்கு. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று அனைத்திலும் அது சென்று சேர்கிறது. 'நான் கோதுமையைத் தொடுவதே இல்லை, ஆயினும் பரிசோதனையில் குறையவில்லை' என்று வருவோரிடம் நான் முதலில் கேட்பது பெருங்காய டப்பாவைத்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது. பொட்டலத்தைப் படித்து வாங்குக. உடல் வீக்கத்துக்கும் எடைக் குறைப்புக்கும் நல்லதென்று வீடுகளில் காய்ச்சும் பார்லிக் கஞ்சியும், மால்ட் சேர்த்த சத்துப் பானங்களும் இந்நோயாளர்க்கு ஆகா. ரவை, சேமியா கோதுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்; விரத நாளில் ரவா உப்புமா உண்டு வருவோரைக் கண்டபின் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வாமைகள் ஒன்றோடு நிற்பதில்லை. பாற்சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, முன்பு சொன்ன குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. அவை தேய்ந்தால் பாலும் ஒவ்வாது. குடல் ஆறியபின் பலருக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்கிறது. அதுவரை தயிரும் மோரும் சிறிது சிறிதாகக் கொள்ளலாம். அவற்றில் லாக்டோஸ் குறைவு. புலால் உண்ணாத நமக்கு பி12 உயிர்ச்சத்து பாலிலிருந்தே பெரிதும் கிடைப்பதால், பாலை நிறுத்தியவர்கள் இரத்தத்தில் அதன் அளவைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீலியாக் இல்லாமலே கோதுமை ஒவ்வாதவர்களும் உண்டு. அவர்களுள் பலர்க்குக் குற்றவாளி குளூட்டன் அன்று. கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்னும் மாவுப்பொருள். அதே பொருள் வெங்காயத்திலும் பூண்டிலும் மிகுதி. நோன்பின் பொருட்டு அவ்விரண்டையும் விலக்கிய உங்கள் சமையல், இவர்கள் வயிற்றுக்குப் பாதி மருத்துவத்தை முன்பே செய்து வைத்திருக்கிறது.

ஆயினும் ஒரு வேண்டுகோள். வயிறு உப்புகிறது என்றோ எடை குறைய வேண்டும் என்றோ நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்தியபின் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லையென்றே காட்டும். பின்னர்ப் பரிசோதிக்க வேண்டுமானால் ஆறு வாரமேனும் மீண்டும் கோதுமை உண்டு துன்புற நேரும். கோதுமையை விட்டதால் மெலிந்தேன் என்பார் பலர். பெரும்பாலும் அவர்கள் விட்டவை சமோசா, பரோட்டா, பிஸ்கட்.

இப்பர்வ நாட்களில் நோன்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். புறத்தவங்களுள் அவமோதரியம், அதாவது வயிறு நிரம்புமுன் எழுதல், இரச பரித்தியாகம், அதாவது நெய், எண்ணெய், சர்க்கரை முதலான சுவைகளுள் சிலவற்றைத் துறத்தல், இவ்விரண்டும் எடையைப் பேணுவோர்க்கு ஆண்டு முழுதும் உதவும். ஏகாசனம் இருப்பவர் அந்த ஒருவேளையில் பருப்பைக் குறைக்கலாகாது. ஆனால் நோய் புதிதாகக் கண்டவர்கள், இரத்தம் குறைந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் பல நாள் உபவாசம் மேற்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். எடைக்காகவே இருக்கும் உபவாசத்தில் கொழுப்போடு தசையும் கரைகிறது. பாரணைக்குப்பின் வருவது பெரும்பாலும் கொழுப்பே. பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் சக்திக்கேற்ப என்றே தத்துவார்த்த சூத்திரம் வகுத்திருக்கிறது. நோயாளர் அதை ஆசாரியர்களிடம் எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இறுதியாக, விழாச் சமையலைப் பொறுப்பேற்று நடத்தும் அன்பர்களுக்கு ஒன்று. பந்தியில் இவர்கள் 'எனக்கு வேண்டாம்' என்று இலையை மடித்துவிட்டுப் பசியோடு வீடு திரும்புகிறார்கள். வீடு சேர்வதற்குள் பொழுதும் சாய்ந்துவிடுகிறது, பின் அன்றைக்கு உணவில்லை. பந்தியின் ஓரத்தில் ஒரு மேசை போதும். அதில் வெறுஞ்சோறு, பெருங்காயம் இடாத பருப்பு, தாளிக்காத ஒரு காய், தயிர். பூரி பொரித்த எண்ணெயில் அவர்களுக்குரிய அப்பளத்தைப் பொரிக்க வேண்டாம். அம்மேசைக்கென்று தனிக் கரண்டிகள் வைத்து, அவை மற்றப் பாத்திரங்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞரை நிறுத்துங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார் செயலர். முதல் நாள் நால்வர் வரலாம். மேசை இருக்கிறதென்று தெரிந்தபின் எண்ணிக்கையைப் பாருங்கள்.