ரசீதோடு போய்க் கேளுங்கள்!

(கோடம்பாக்கத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டுத் தண்ணீர் வரியைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். 'சமுதாயத்திற்கு எவ்வளவோ பிரச்சினைகள் இருக்க, இது ஒரு பேச்சா?' என்று சிலர் நினைக்கலாம். குடம் காலியாகக் கிடக்கும் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். இது பிரச்சினையா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள்.

'தண்ணீரே ஒழுங்காக வருவதில்லை. எதற்காக வரி கட்ட வேண்டும்?' கடைவீதியில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கோபம் நியாயமானது. ஆனால், கட்டாமல் இருப்பது அதற்குத் தீர்வாகுமா?

1978-ல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம் நம்மிடம் இரண்டு வகையாக வசூலிக்கிறது. ஒன்று, கட்டிடத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீத வரி. இதை அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். மற்றொன்று, இணைப்புக்கான கட்டணம். கழிவுநீரை அகற்றும் செலவும் இதற்குள் அடங்கும். குழாய் வறண்ட நாளிலும் பாதாளச் சாக்கடை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

2019 கோடையை மறந்து விட்டீர்களா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. வசதி உள்ளவர் தனியார் லாரியை அழைத்தார். ஏழை, வாரிய லாரியை எதிர்பார்த்துத் தெருமுனையில் குடத்தோடு நின்றார். வாரியம் நலிந்தால் முதலில் யார் தவிப்பார்கள் என்று சிந்தித்துப் பாருங்கள்!

ஆகவே கட்டுங்கள், கட்டிவிட்டுக் கேளுங்கள். நிலுவை வைத்திருப்பவர் புகார் சொல்லப் போனால் அவருடைய பாக்கியைத்தான் முதலில் காட்டுவார்கள். ரசீதோடு போகிறவரிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் வரவில்லையா? கழிவுநீர் கலந்து வருகிறதா? எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பலனில்லை என்றால் பத்து வீட்டார் பத்து ரசீதோடு பகுதி அலுவலகத்திற்குச் செல்லுங்கள்.

வீட்டு உரிமையாளர்களே! 'தண்ணீர் வரி' என்று சொல்லி வாடகையோடு நீங்கள் வாங்கும் பணம் ஓர் அமானிதம். அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது மோசடி. குடியிருப்போரே! ரசீதின் நகலைக் கேளுங்கள், கேட்பது குற்றமாகாது. வியாபாரிகளே! கடையோ வீடோ வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீர் வரி நிலுவையைப் பாருங்கள். இல்லையென்றால் பழையவர் வைத்த பாக்கி உங்கள் தலையில் விடியும்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் வரியையும் கட்டணத்தையும் ரொக்கமாகப் பெறுவதில்லை என்று வாரியம் அறிவித்தது. காசோலை, வரைவோலை, இணையம், செல்போன் ஆகியவையே வழி. ஒரு சிறு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தனியே வாழும் விதவைத் தாய் என்ன செய்வார்? யாரிடமோ பணத்தைக் கொடுத்துவிட்டு, வராத ரசீதுக்காகக் காத்திருப்பார்.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கும்போது அந்தக் கதவைத் தட்டுங்கள். நுகர்வோர் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, அவர் கண் முன்னாலேயே பணம் கட்டுங்கள். ரசீதை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். கூலி வாங்காதீர்கள். மேடைப் பேச்சை விட இதுவே பெரிய சமுதாயப் பணி.