எண்களின் பெட்டகம்

பருவமழையின் போக்கைக் கணிப்பொறியில் உருவகித்துப் பார்க்கும் விஞ்ஞானிக்குக் கணக்கு முடிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் எழுதிய எண்களைத் தில்லியில் இருப்பவரும் பிழையின்றிப் படித்தல் வேண்டும். வெறும் எண் வரிசையைப் பெற்றவர், அது வெப்பமா, காற்றின் வேகமா என்று எங்ஙனம் அறிவார்?

இக்குறையை நீக்க வந்தவற்றுள் ஒன்று எச்.டி.எஃப். 1987-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இம்முயற்சி, 1998-இல் எச்.டி.எஃப்.5 ஆக வளர்ந்தது. எண்ணும், அதன் பெயரும், அலகும் ஒரே கோப்பில் அடங்கும்.

பெட்டகம் கிடைத்தால் போதுமா? திறவுகோலும் பொருந்த வேண்டுமன்றோ! பல செயலிகள் ஒருங்கே எழுதும்போது, அவற்றிடையே செய்தி கடத்தும் எம்.பி.ஐ. மென்பொருள் எதுவோ, அதனோடு இணைத்தே எச்.டி.எஃப்.5 மென்பொருளையும் உருவாக்கியிருக்க வேண்டும். இதனாலேயே டெபியன் தொண்டர்கள், தனித்து ஓடுவதற்கு ஒன்று, ஓப்பன் எம்.பி.ஐ.க்கு ஒன்று, எம்பிச்சுக்கு ஒன்று எனப் பொதிகளைப் பிரித்துக் கட்டுகின்றனர். பதிப்புகள் பொருந்தாவிடில், தரவு கெடுவதினும் நிற்பதே நன்றென்று ஓட்டமே நின்றுவிடுவதும் உண்டு.

ஊர்விட்டு ஊர் வந்த நாம் இதனை எளிதில் உணர்வோம். மூட்டையில் விடுபட்டது எது என்பது போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தெரியும். ஆகவே, முடிவை வெளியிடும் விஞ்ஞானி, எந்தப் பதிப்பை எந்த எம்.பி.ஐ.யுடன் கையாண்டார் என்பதையும் உடன் எழுதி வைத்தல் கடமையாகும். சரிபார்க்க இயலாத கணக்கை நாம் எப்படி நம்புவது?